இடது ஓரத்தில் நிற்பவர்

ரங்கராஜ் அண்ணன் போய்விட்டார்.

மாதத்தில் முதல் ஞாயிறு அவருக்கு போன் போடுவது வழக்கம். நேற்றும் போட்டேன். மகன் எடுத்தார். "அப்பா தவறி இருவது நாள் ஆச்சுங்க. காரியமெல்லாம் முடிஞ்சுதுங்க."

எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்வதற்கு எங்கள் பழைய ஆபீஸில் யார் மிச்சம்... நான் ஒருத்தன்தான்.

அறுபதுகளின் ஆரம்பம். பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனி. டிராயிங் ஆபீஸில் நான் டிராஃப்ட்ஸ்மேன், அவர் செக்கர். நாங்கள் வரைந்ததில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. சிவப்புப் பென்சில் காதிலேயே சொருகியிருக்கும். அது படாமல் என் டிராயிங் ஒன்றுகூட வெளியே போனதில்லை. வயிற்றெரிச்சல் பிடித்த மனிதர் என்றுகூட நினைத்திருக்கிறேன்.

எனக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம். ஆபீஸில் யாரும் சரசுவை இன்னும் பார்த்ததில்லை. ஆடிப்பெருக்குக்கு நானும் சரசுவும் கொடுமுடி போனோம். கழுத்தில் புது பாக்ஸ் கேமரா. காவிரி இரண்டு கரையும் முட்டிப் போகிறது, படித்துறை முழுக்க ஜனம். எடுத்ததில் ஒரே ஒரு படம்தான் உருப்படியாக வந்தது.

அதைப் பெரிசு பண்ணி அண்ணனிடம் நீட்டினேன். ஒரு தடவையாவது அவர் வாயால் "நல்லா இருக்கு" என்று கேட்டுவிட வேண்டும்... அவ்வளவுதான் ஆசை.

இரண்டு செட் ஸ்கொயரை எடுத்துப் படத்தின் மேல் சட்டம் மாதிரி வைத்தார். இப்படி நகர்த்தினார், அப்படி நகர்த்தினார்.

"நல்லாத்தானுங்க இருக்குது தம்பி. அத்தன சனமும் தண்ணியப் பாக்குது. இந்த ஓரத்துல ஒரு அம்மணி மட்டும் செருப்பையும் பையையும் புடிச்சுட்டு உங்களையே பாக்குது. கண்ணு அங்கதான் போகுது. யாருங்க இது... வேண்டப்பட்டவங்களா?"

என் முதுகுக்குப் பின்னால் நாலு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து என் டிபன் கேரியரைக்கூட விடாமல் கேலி செய்கிற கும்பல்.

"யாரோங்ணா," என்றேன்.

"அப்ப வெட்டிப்போடுங்க." சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்கு அந்தப் பக்கம் சரசு. அவள் கையில் இருந்தது என் செருப்பு.

ஸ்டூடியோவில் கொடுத்து வெட்டி, ஃப்ரேமும் போட்டாயிற்று. ஆபீஸ் சுவரில் மாட்டச் சொன்னது அண்ணன்தான்.

ஆயுத பூஜை அன்றைக்கு கம்பெனிக்குக் குடும்பத்தோடு வரலாம். மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். சரசு, கொடுமுடியில் கட்டியிருந்த அதே கட்டம் போட்ட சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். படத்தில் இருப்பது தான்தான் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டுமாம். மடையன், வழியெல்லாம் நான் வாயைத் திறக்கவில்லை.

படத்தின் முன்னால் நின்றாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தேடினாள்.

"ஏனுங்க, நானெங்கீங்க?"

பொரிகடலைப் பொட்டலத்தோடு பக்கத்தில் நின்ற அண்ணன் அந்தச் சேலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். புரிந்துவிட்டது.

"நாந்தானுங்க அம்மணி வெட்டச் சொன்னேன். தம்பி வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னாப்ல. நாங் கேக்கலீங்க. தப்பு என்னுதுங்க."

எப்பேர்ப்பட்ட பொய்! நான் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன்.

அன்றிலிருந்து சரசுவுக்கு அவர் 'வெட்டுக்காரர்'. ஐம்பது வருஷம்! வீட்டுக்கு வந்தால், "உங்க வெட்டுக்காரரு வந்திருக்காருங்க" என்று உள்ளிருந்து குரல் கொடுப்பாள். காபி மட்டும் அவருக்கு முதலில் வந்துவிடும்.

எங்கள் மகள் கல்யாணத்தில் குரூப் போட்டோ எடுக்கும்போது மேடையிலிருந்தே சத்தம் போட்டாள். "அண்ணா, நீங்க கேமராக்காரர் பக்கம் போகாதீங்க. என்னைய மறுக்கா வெட்டிப்போடுவீங்க!"

"தப்புத்தானுங்க அம்மணி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன்... வெட்கங்கெட்ட சிரிப்பு.

முழுப் படத்தையும் ஒரு பிரிண்ட் போட்டு அவளிடம் கொடுத்திருக்கலாம். நெகடிவ் என்னிடம்தான் இருந்தது. கொடுத்தால் பேச்சு அங்கே போய் நிற்குமே என்று பயம்.

சரசு போன அன்று அண்ணன் தடி ஊன்றிக்கொண்டு வந்தார். கூட்டம் கொஞ்சம் விலகியதும் என் காதருகே குனிந்தார்.

"அம்மணிகிட்ட அதச் சொல்லிட்டீங்களா தம்பி?"

"இல்லீங்ணா."

பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை.

இப்போதெல்லாம் செல்போனில் படம் எடுத்து இங்கே, இந்த போட்டோ குரூப்பில் போடுகிறேன். பால்கனி, காக்கா, எதிர்வீட்டு வேப்பமரம்... எதைப் போட்டாலும் "சூப்பர் சார்" என்கிறீர்கள். சந்தோஷம்தான். ஆனால் அதையெல்லாம் மகன் செல்லில் பார்த்துவிட்டு, அவர் ஒருத்தர்தான் போனில், "காக்காய அப்படி நட்ட நடுவுல வெச்சுட்டீங்களே தம்பி" என்பார். அதற்காகவே மாதம் பிறக்கக் காத்திருப்பேன்.

இனி அந்த போனும் இல்லை. டிவியை அணைத்தால் வீட்டில் ஒரு சத்தம் கிடையாது. ரொம்பத் தனியாக இருக்கிறது, உள்ளதைச் சொல்கிறேன்.

அன்றைக்கு எட்டிப் பார்த்த நாலு பேரும் போன பிறகு, நான் சொன்ன அந்த "யாரோ" அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இப்போது எனக்கு மட்டும்.

இன்று காலை காந்திபுரம் போய், நெகடிவைக் கடையில் கொடுத்து ஸ்கேன் செய்து வாங்கி வந்தேன். கீழே போட்டிருக்கிறேன். வெட்டாமல், முழுசாக.

போய்ட்டு வாங்ணா. இடது ஓரத்துல நிக்கறது யாருன்னு கேட்டீங்களே...

அது என் சம்சாரமுங்ணா.