ஞாயிற்றுக்கிழமைக்கு விழுந்த ஓட்டு

என்னைப் பழமைவாதி என்பார்கள். நான் மறுத்ததில்லை. அரசாங்கம் வீட்டுக்கு வீடு மிக்ஸி கொடுத்த வருடம், எங்கள் தெருவில் அதை வாங்கப் போகாதவள் நான் ஒருத்திதான். உழைத்து வாங்க முடிகிறவர்களுக்கு இலவசம் எதற்கு என்று கேட்டேன், தெருவே சிரித்தது. குடும்பத்தையும் கடையையும் கும்பிடுகிற இடத்தையும் அதனதன் போக்கில் விட்டால் ஊர் நன்றாக இருக்கும் என்பது என் நம்பிக்கை. தேர்தலில் ஓட்டுப் போடுவதும் அப்படிப் பேசுகிற கட்சிக்குத்தான். போடி பஜாரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண் அந்தப் பக்கம் ஓட்டுப் போடுவது பலருக்கு ஆச்சரியம். ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் நிற்கும்போது இதற்காக என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. ஆனாலும் கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டு முறுக்கும் அதிரசமும் முதலில் என் வீட்டுக்குத்தான் வரும்.

எங்களுடையது பைப்பும் மோட்டாரும் விற்கிற கடை. அப்பாவுக்குப் பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைத் திறப்பதில்லை. முதல் காரணம் ஓய்வுநாள் கட்டளை. அதில் எனக்குப் பேரம் கிடையாது. இரண்டாவது காரணம் என் கணவர். அவர் லோயர் கேம்ப் மின் நிலையத்தில் ஷிப்ட் வேலை பார்த்தவர். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்த காலத்தில், நாங்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து மத்தியானச் சோறு சாப்பிட்டது ஞாயிற்றுக்கிழமைகளில்தான். அவர் ஓய்வு பெற்ற பிறகும் அந்த நாளை விட எங்களுக்கு மனம் வரவில்லை.

முன்பெல்லாம் பஜாரில் பாதிக் கடைகள் ஞாயிறு மூடியிருக்கும். ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே வந்து, கடைசியில் என் கடை மட்டும் மூடிக் கிடந்தது. அந்தச் சமயத்தில் பைபாஸ் ரோட்டில் பெரிய கடை ஒன்று வந்தது. உப்பு முதல் ஃபிரிட்ஜ் வரை எல்லாம் ஒரே கூரையின் கீழ், வாரத்தின் ஏழு நாளும். பஜார் பயந்துவிட்டது. வியாபாரிகள் சங்கம் கூடி ஒரு முடிவெடுத்தது: இனி ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கடையும் திறந்தே இருக்க வேண்டும், மூடுகிற கடையைச் சங்கத்திலிருந்து நீக்கிவிடுவோம்.

சங்கத் தலைவர் ஏலக்காய் வியாபாரி. நெற்றி நிறைய விபூதி, வருடம் தவறாமல் பழனிக்குப் பாதயாத்திரை. அவரும் நானும் ஒரே கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள். தேர்தல் சமயத்தில் ஒரே வேனில் பிரச்சாரத்துக்குப் போயிருக்கிறோம். அவரே என் கடைக்கு வந்தார்.

"தங்கச்சி, ஞாயித்துக்கெழமைதான் மலையிலருந்து சனம் எறங்குது. எஸ்டேட்டு ஆளுக கையில சம்பளத்தோட வர்றாக. இங்கன ஒரு கடை மூடிக் கெடந்தாலும் பஜாரே லீவுன்னு நெனச்சு பைபாஸுக்குப் போயிர்றாக. இந்த விசயத்துல நீ வீம்பு பண்ணாத."

"அண்ணே, நீங்க பழனிக்கு நடக்கையில கடைய விட்டுட்டுத்தான போறீக? சாமிக்குன்னு நாள் ஒதுக்குறதப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"அது வருசத்துக்கு ஒருக்க. நீ வாராவாரம்ல கேக்குற?"

"நான் எங்க கேக்குறேன்? அவரு கேக்குறாரு" என்று மேலே கையைக் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. "சங்கம்னா கட்டுப்பாடு வேணும். கட்டுப்பாட்டப் பத்தி மேடையில பேசுற நீயே மீறுனா, மத்தவன் என்னயக் கேக்க மாட்டானா? அடுத்த பொதுக்குழு வரைக்கும் பொறுப்பேன். அம்புட்டுத்தான்."

அவர் சொன்னதில் எனக்கு உறைத்தது கட்டுப்பாடு என்கிற வார்த்தை. நானும் மதிக்கிற வார்த்தை அது. அன்று இரவு சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "வெளிய தள்ளுறதுக்கு முன்னாடி நீ உள்ள போயிரு" என்றார்.

"என்னங்க சொல்றீங்க?"

"அந்தப் பொதுக்குழுலதான செயலாளர் தேர்தலும் வருது? நில்லு. உனக்கு மட்டும் லீவு கேட்டா அது வீம்பு. பஜாருக்கே லீவு கேட்டா அது கொள்கை."

அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன். மறுநாளே மனுக் கொடுத்தேன். ஒரே ஒரு வாக்குறுதி: ஞாயிற்றுக்கிழமை பஜார் முழுவதற்கும் விடுமுறை. எனக்கு எதிரே தலைவர் தன் ஆள் ஒருவரை நிறுத்தினார்.

சிரிப்புக்குக் குறைவில்லை. கடை கடையாக ஏறி இறங்கினேன். எல்லோரும் மரியாதையாக உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். "பாப்போம்க்கா" என்றார்கள். எங்கள் ஊரில் "பாப்போம்" என்றால் மாட்டோம் என்று அர்த்தம். சர்ச்சுக்கு வருகிற நான்கைந்து கடைக்காரர்கள்கூட வெளிப்படையாக வாய் திறக்கவில்லை. "ஜெபம் பண்ணிக்கிறோம்" என்றார்கள். ஜெபம் வேண்டும்தான், ஆனால் எனக்கு ஓட்டும் வேண்டியிருந்தது.

திருப்பம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஒரு நாள் காலை தலைவரின் மனைவி என் கடைக்கு வந்தார். அடுப்படிக் குழாய் ஒழுகுகிறதாம். நல்ல பித்தளைக் குழாய் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டும் அவர் கிளம்பவில்லை.

"யக்கா, செயிச்சிருவீகளா?" என்று குரலைத் தணித்துக் கேட்டார்.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரருக்கு எதிரா நிக்கிறேன். நீயே கேக்குற?"

"அவுகளுக்கு எதிரா நிக்கிறீகளோ என்னமோ, எனக்காக நிக்கிறீக. ஞாயித்துக்கெழம கறி எடுத்துக் கொழம்பு வச்சு, கடைக்குக் குடுத்து விடுறேன். அவுக அங்கன ஏலக்கா மூட்டைக்கு நடுவுல நின்னுக்கிட்டே திங்கிறாக. வீட்ல எலையப் போட்டு உக்கார வச்சுப் பரிமாறி எம்புட்டு நாளாச்சு? வீரபாண்டி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு. திருவிழாக்குக்கூட நானும் புள்ளைகளும்தான் பஸ்ஸுல போய்ட்டு வந்தோம்."

எனக்குக் கண் திறந்தது அப்போதுதான். ஓட்டு இருப்பது கடையில் உட்கார்ந்திருக்கிற ஆண்களிடம். ஆனால் அந்த நாளை இழந்தவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். மேடையில் குடும்பம், குடும்பம் என்று பேசுகிற நான், அந்தக் குடும்பங்களின் வாசலை மிதிக்காமல் இத்தனை நாள் கடைக் கல்லாக்களின் முன்னால் நின்றிருந்தேன்.

அன்று மாலையிலிருந்து வீடு வீடாகப் போனேன். மதப் பேச்சு எடுக்கவில்லை. "உங்க வீட்ல ஞாயித்துக்கெழம எப்படிப் போகுது?" என்று மட்டும் கேட்பேன். அதற்கு மேல் நான் பேசத் தேவையிருக்காது. ஒரு வீட்டில், பிள்ளைக்கு அப்பா மடியில் உட்காரத் தெரியவில்லை என்றார்கள். இன்னொரு வீட்டில், மாமனாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகக்கூட ஆள் இல்லை என்றார்கள். அடுத்த வாரம் கடைகளில் என்னைப் பார்த்த ஆண்களின் முகம் மாறியிருந்தது. "வீட்ல என்னத்தச் சொல்லிட்டு வந்தீகக்கா? சோத்தத் தட்டுல போட்டுட்டுப் பேசவே மாட்டேங்கிறா" என்று ஜவுளிக்கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

ஆனாலும் ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஞாயிறு மூடினால், மலையிலிருந்து வருகிற எஸ்டேட் ஆட்களின் வியாபாரம் என்ன ஆவது? அவர்களை விட்டுவிட்டு பஜார் பிழைக்க முடியாது. அதற்குப் பதில் வைத்திருந்தவர், ஊரிலேயே எனக்கு நேர் எதிர் ஆள்: சுமைதூக்கும் தொழிலாளர் சங்கத்தின் தலைவர். சிவப்புத் துண்டு, சாமி இல்லை என்கிறவர். இலவசம், வரி, கோயில், சர்ச் என்று எதை எடுத்தாலும் எங்களுக்குள் வாக்குவாதம்தான். நான் கேட்டுப் போகவில்லை. அவரே கடைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"யக்கா, உங்க சாமிய நான் நம்பல. உங்க கட்சியச் சுத்தமா நம்பல. ஆனா வாரத்துல ஒரு நாள் லீவுங்கிறது நாங்க கொடி புடிச்சுக் கேட்டது. நீங்க பைபிளப் புடிச்சுக் கேக்குறீக. கேக்குறது ஒண்ணுதான?"

"ஒண்ணுதான் தம்பி. ஆனா மலை யாவாரத்துக்கு வழி தெரியலையே."

"எஸ்டேட்டுல சம்பளம் சனிக்கெழம மத்தியானமே குடுத்துர்றான். அன்னைக்குச் சாயந்தரமே எறங்க அதுகளும் ரெடிதான். பொருள வாங்கிட்டுத் திரும்ப மேல ஏற வண்டி இல்ல, அதான் ஞாயித்துக்கெழம வருதுக. சனிக்கெழம ராத்திரி ஒரு டிரிப்பு ஜீப்பு மேல போனா, பஜாருல நீங்க கூடக் கொஞ்ச நேரம் கடையத் தொறந்து வச்சா, முடிஞ்சு போச்சு. ஜீப்புக்காரங்கள நான் பேசிக்கிறேன்."

பேசியும் விட்டார். போடிமெட்டு வரை ஏறுகிற ஜீப் ஓட்டுநர்கள் ஒப்புக்கொண்டார்கள். தேர்தலுக்கு முன் மலை வியாபாரத்துக்கும் என் கையில் பதில் இருந்தது.

பொதுக்குழு ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வியாபாரிகள் சங்கத் தலைவர் பைபாஸ் கடையைப் பற்றிப் பேசி எல்லோரையும் நன்றாகப் பயமுறுத்தி உட்கார்ந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்தேன். சனிக்கிழமை ஜீப் ஏற்பாட்டைச் சொன்னதும் மண்டபம் நிமிர்ந்து உட்கார்ந்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார்.

"எல்லாஞ் சரி. உங்க சாமிக்காக நாங்க என்னாத்துக்குக் கடைய மூடணும்?"

"என் சாமிக்கு நான் மூடுறேன். நீங்க உங்க சாமிக்கு மூடுங்க. சாமியே இல்லேங்குறவுக புள்ளைகளுக்காக மூடுங்க. ஆனா எல்லாரும் ஒரே நாள்ல மூடுவோம். அப்பத்தான் ஒருத்தர் யாவாரத்த இன்னொருத்தர் திங்க முடியாது. தலைவர் கட்டுப்பாடு வேணும்னு சொன்னாரு. நானும் அதத்தான் கேக்குறேன். தொறக்குறதுக்கு மட்டுமா கட்டுப்பாடு? மூடுறதுக்கும் வேணும்."

முதலில் கை தட்டியது யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அது நிற்க நேரமாயிற்று.

ஓட்டுப் பெட்டியை மேடையிலேயே கவிழ்த்து எண்ணினார்கள். பாதி எண்ணும்போதே என் பக்கத்துக் குவியல் உயர்ந்துவிட்டது. முடிவில் என் எதிராளியின் குவியல் ஒரு கைக்குள் அடங்கியது. சர்ச்சுக்கு வருகிறவர்களின் ஓட்டை எடுத்துவிட்டுப் பார்த்தாலும் நான் வென்றிருப்பேன். முடிவை அறிவிக்க வேண்டியவர் தலைவர். மைக்கில் என் பெயரைச் சொல்லிவிட்டு, "எங்க வீட்லயே எனக்கு ஓட்டு இல்லைய்யா" என்றார். மண்டபம் அதிர்ந்தது. அவரும் சிரித்துவிட்டார். நான் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். கண்ணீர் வந்ததைத் துடைக்கவில்லை.

மூன்று மாதம் சோதனையாகச் செய்து பார்ப்பது என்று முடிவாயிற்று. முதல் சனிக்கிழமை மாலை நான் கடை வாசலிலேயே நின்றேன். மூணாறு ரோட்டிலிருந்து ஜீப்புகள் வரிசையாக வந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்றன. காதில் கட்டிய துண்டோடு ஆண்கள், ஸ்வெட்டரைக் கழற்றாத பெண்கள், தூங்கி விழுந்த குழந்தைகள். சற்று நேரத்தில் பஜாரில் தோளோடு தோள் உரசாமல் நடக்க முடியவில்லை. ஜவுளிக்கடைக்காரர் எதிர்ச் சாரியிலிருந்து என்னைப் பார்த்து இரண்டு கைகளையும் தூக்கிக் கும்பிட்டார்.

மறுநாள் ஆராதனை முடிந்து, கணவரும் நானும் வேண்டுமென்றே பஜார் வழியாக வீட்டுக்கு நடந்தோம். இரண்டு பக்கமும் ஷட்டர்கள் இறங்கிக் கிடந்தன. நடு ரோட்டில் ஒரு நாய் கால் நீட்டிப் படுத்திருந்தது. மாடி வீடுகளிலிருந்து கறிக்குழம்பு வாசம். ஒரு வீட்டில் அப்பாவும் மகளும் கேரம் ஆடுகிற சத்தம் தெருவரை கேட்டது. வெற்றி எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், அந்தத் தெருவைத்தான் சொல்வேன். மற்ற நாளெல்லாம் காது கிழிகிற பஜார் அது.

மூன்று மாதம் முடிந்து சங்கம் மறுபடி கூடியது. இதை நிரந்தரமாக்கும் தீர்மானத்தை நான்தான் கொண்டுவர வேண்டும். காகிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அதற்குள் தலைவர் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"தீர்மானத்த நான் முன்மொழியுறேன்" என்றார். "போன வாரம் வீட்டுக்காரியயும் புள்ளைகளயும் கூட்டிக்கிட்டு வீரபாண்டி போனேன். கோயில்ல கும்புட்டுட்டு ஆத்துல குளிச்சோம். எம் மகன் நீச்சல் அடிக்கிறான்யா. எனக்குத் தெரியவே தெரியாது. இதுக்கு மேல நான் என்ன சொல்ல? தங்கச்சி சொன்னது சரி. கையத் தூக்குங்க."

முதல் கை அவருடையது. பிறகு மண்டபம் முழுக்கக் கைகள். ஒன்றுகூடக் கீழே இல்லை. நிறைவேறியது என்று அறிவித்தபோது என் குரல் மைக்கே தேவைப்படாத அளவுக்கு ஓங்கி ஒலித்ததாகக் கணவர் பிறகு சொன்னார்.

வெளியே வந்தால், சிவப்புத் துண்டுத் தம்பி தன் ஆட்களோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். முடிவு அவருக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. முகமெல்லாம் பல்லாக என்னைப் பார்த்து, தன் வாழ்நாளில் முதல் தடவையாக, "ஸ்தோத்திரம்க்கா!" என்று கத்தினார்.

நானும் விடவில்லை. கை முஷ்டியை மடக்கி உயர்த்தி, "வணக்கம், தோழர்!" என்றேன்.