மாமா தின்ற களி

இத்தாலியில் டூரின் பக்கம் போகிறவர்கள் அங்கே எங்கே சாப்பிடுவது என்று கேட்டால், எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் என் மேசையைத்தான் கைகாட்டுவார்கள். அம்பத்தூரில் உட்கார்ந்துகொண்டு இத்தாலிக் கார்களுக்கு மென்பொருள் எழுதும் அலுவலகம் அது. அவ்வப்போது யாராவது பெட்டி கட்டிக்கொண்டே இருப்பார்கள். நான் யோசிக்காமல் பதில் சொல்வேன். ரயில் நிலையத்துக்கு எதிரே, வாசலில் கலர் கலராகச் சாப்பாட்டுப் படம் ஒட்டிய கடை எதிலும் நுழையாதே. பஸ் பிடித்து மலைப் பக்கம் போ. இன்றைக்கு என்ன உண்டு என்று கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியிருக்கிற கடையாகப் பார். மத்தியானம் உள்ளூர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தால் தைரியமாக உள்ளே போ. சாப்பிடுகிறவர்களைவிடப் போட்டோ எடுக்கிறவர்கள் அதிகமாக இருந்தால் திரும்பி வந்துவிடு.

குளிர்காலம் என்றால் பூண்டையும் நெத்திலியையும் எண்ணெயில் கரையவிட்டு, சின்னச் சட்டியில் சூடு ஆறாமல் கொண்டுவந்து வைப்பார்கள். குடமிளகாயை அதில் தொட்டுச் சாப்பிட வேண்டும். மிலன் பக்கம் போனால் குங்குமப்பூ போட்ட மஞ்சள் சோறு. குழைந்துவிட்டது என்று திருப்பி அனுப்பி மானத்தை வாங்காதே, அது அப்படித்தான் இருக்கும். ஜெனோவாவில் கடலைமாவு அடை, அதுவும் விறகடுப்பில் வெந்தது மட்டும். எல்லாவற்றுக்கும் மேலே, மலையோரக் கடைகளில் பொலெந்தா. மக்காச்சோள மாவில் கிண்டிய களிதான், வேறொன்றுமில்லை. அதைத் தட்டில் அழகாக அலங்கரித்துக் கொண்டுவந்தால் அந்தக் கடை சரியில்லை. மரப்பலகையில் கொட்டி, நூலால் அறுத்துத் தருகிற கடைதான் கடை.

இவ்வளவு அடித்துச் சொல்கிற நான் இதுவரை அந்தத் தேசத்தில் கால் வைத்ததில்லை. யாரும் கேட்டதுமில்லை, நானாகச் சொன்னதுமில்லை. எல்லாம் மாமா வாயால் கேட்டது. அம்மாவின் தம்பியான அவர் அந்த மலையடிவாரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல்காரராக இருந்தவர்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது மாமா ஒரு மாத விடுமுறையில் வந்து இறங்கினார். பெண் பார்த்துக் கல்யாணத்தை முடித்துவிடுவது என்று ஏற்பாடு. நாங்கள் அப்போது கரையான்சாவடியில் மெயின் ரோட்டுக்குப் பின்னால் குடியிருந்தோம். மாமா கொண்டுவந்த பெட்டியில் எனக்குச் சாக்லேட்டும், மூட்டை மாதிரி ஒரு பை நிறைய மஞ்சள் மாவும், ஒரு பாலாடைக்கட்டியும் இருந்தன. கட்டியின் வாசனையைப் பார்த்த அம்மா அது வழியிலேயே கெட்டுவிட்டது என்று தீர்மானித்து, மூன்று பிளாஸ்டிக் பைகளில் சுற்றி மொட்டை மாடியில் வைத்துவிட்டாள்.

பெண் பருத்திப்பட்டில் இருந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை. ஜாதகம் பொருந்தி, போட்டோ பிடித்து, பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வரும் கட்டத்துக்கு விஷயம் வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்மதம் இல்லாத வீட்டில் காபியோடு நிறுத்திக்கொள்வார்கள், கை நனைக்க மாட்டார்கள். இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டார்கள் என்றால் முக்கால் கல்யாணம் முடிந்த மாதிரி. அதனால் அன்றைய சமையலில்தான் மாமாவின் வாழ்க்கையே இருந்தது. அம்மா வடை பாயசத்தோடு சமையல் என்றாள். மாமா, தன் தொழிலைத் தன் கையால் செய்து காட்டப்போவதாகச் சொன்னார்.

"பீட்சாவாடா?" என்றார் அப்பா ஆசையாக.

"அத்தெல்லாம் வேற ஊரு மாமா. எங்க பக்கம் களிதான்" என்றார் மாமா.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சம்பந்தி வருகிற நாளில் களியா என்று காலையிலிருந்து புலம்பினாள். மாமா காதில் வாங்கவில்லை. பெரிய குண்டானில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, மாவைக் கை நழுவ நழுவத் தூவி, துடுப்பைப் போட்டுக் கிண்ட ஆரம்பித்தவர்தான், நிறுத்தவே இல்லை. ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும். நிறுத்தினால் அடிபிடித்துவிடும், நாள் முழுக்கச் செய்த வேலை வீண் என்று எனக்குச் சொன்னார். கொட்டுவதற்கு வீட்டில் பெரிய பலகை இல்லை. பரண் மேல் ஏறி, கல்யாணத்துக்கு என்று அம்மா வாங்கி வைத்திருந்த புது மணையை இறக்கித் துடைத்து வைத்துக்கொண்டார். மாப்பிள்ளை உட்கார வேண்டிய மணையில் களியைக் கொட்டப்போகிறான் என்று தெரிந்தபோது அம்மாவுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

பெண் வீட்டிலிருந்து பெண்ணின் அப்பா, அம்மா, பெரியப்பா மூவரும் வந்தார்கள். பெரியப்பா போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்செல்லாம் அவர்தான். காபியைக் கையில் வைத்துக்கொண்டு, வெளிநாட்டில் சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள் தம்பி என்று மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்.

"மொதோ மூணு வருசம் களிதான் சார்" என்றார் மாமா. "காலீல களி, ராவுக்கும் களி."

பெரியப்பாவின் டம்ளர் பாதி வழியில் நின்றது. "களியா?"

"ஆமா சார். உள்ள கீற எல்லாருக்கும் அதான். நான் மூணு வருசமும் உள்ளதான் இருந்தேன். வெளிய வுடல."

உள்ளே என்றால் சமையல் கட்டு. வெளியே என்றால் மேசை போட்டுப் பரிமாறுகிற இடம். மாமாவின் உலகத்தில் இந்த இரண்டு இடங்கள்தான் உண்டு, அவை எல்லாருக்கும் தெரிந்தவை என்பது அவர் நினைப்பு.

"உள்ள என்ன வேலை குடுத்தாங்க?" பெரியப்பாவின் குரல் பழைய உத்தியோகக் குரலாக மாறிக்கொண்டிருந்தது.

"வெங்காயம் உரிக்கறது, குண்டான் கழுவறது. அப்பால களி கிண்டற வேலைய என் கைல குடுத்தாங்க. அங்க பெரியவரு ஒர்த்தரு சார். இவன் ஒழுங்கா கீறான்னு பாத்து, நல்ல பேரு எயுதி வெளிய வுட்டாரு."

அப்பா தன் பங்குக்கு உதவி செய்ய நினைத்தார். "ரொம்ப கஷ்டப்பட்டுட்டான் சார். ஆனா வெளிய சொல்லவே மாட்டான்" என்றார்.

அந்த நேரம் பார்த்து மாமா உள்ளே போய், ஆவி பறக்கிற மஞ்சள் களியை மணையோடு தூக்கி, வழியெல்லாம் சிந்திக்கொண்டே வந்து நடுக்கூடத்தில் வைத்தார். பெரியப்பா அதைப் பார்த்தார், பெண்ணின் அப்பாவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல நேரம் முடியப்போகிறது என்று சொல்லி எழுந்துவிட்டார். மற்ற இருவரும் பின்னாலேயே எழுந்தார்கள். யாரும் கை நனைக்கவில்லை. சாக்லேட் கொடுத்த மாமாவின் களியை யாரும் தொடாமல் போனதில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

களி தின்றான் என்றால் நம் ஊரில் ஜெயிலுக்குப் போனான் என்று அர்த்தம். எனக்கு அப்போது அது தெரியாது. மாமாவுக்குத் தெரியும், ஆனால் அங்கேயே இருந்து அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் பழகிவிட்டது என்று வீட்டில் நினைத்தார்கள். இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்து, உள்ளே இருந்துவிட்டு வந்த பையனுக்கு எப்படிப் பெண் கொடுப்பது என்று பெரியப்பா கேட்பதாகச் சொன்னபோதுதான் அப்பாவுக்கு விளங்கியது. உடனே போனைப் போட்டு, அது சமையல் களி சார், சமையல் கட்டு சார், என் மச்சான் போலீஸ் ஸ்டேஷன் வாசலைக்கூட மிதிக்காதவன், அதற்கு நான் ஜவாப்தாரி என்று அடித்துப் பேசினார். அந்தப் பக்கம் பெரியப்பா சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது. அப்பா சிரித்தார், அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண்ணையே அழைத்துக்கொண்டு வருகிறோம், அந்தக் களியைச் சாப்பிட்டுப் பார்க்கிறோம் என்றார்கள்.

மாமா மட்டும் சிரிக்கவில்லை. வாசல் படியில் உட்கார்ந்து, களி அறுக்கிற நூலை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். மிஞ்சிய களியை அம்மா மோரில் கரைத்துவிட்ட வருத்தம் என்று நான் நினைத்தேன்.

எங்கள் வீட்டில் இந்தக் கதையை இந்த இடத்தோடு முடித்துவிடுவார்கள். எத்தனையோ கல்யாண வீட்டில் அப்பா இதைச் சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறார். நானும் சொல்லியிருக்கிறேன். போன வருடம் அலுவலகத்தில் என்னையே டூரினுக்கு அனுப்பலாம் என்று பேச்சு வந்தது. பிறகு அது வேறொருவருக்குப் போய்விட்டது, அது வேறு விஷயம். பேச்சு வந்த வாரம் நான் பருத்திப்பட்டுக்கு, மாமா வீட்டுக்குப் போனேன். மாமா மாவு வாங்கக் கடைக்குப் போயிருந்தார். அத்தை பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பருத்திப்பட்டிலிருந்து களி சாப்பிட வந்தாளே, அதே பெண்தான் என் அத்தை.

"பேப்பர் எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்கோ" என்றாள். "உங்க மாமா மாதிரி ஏஜெண்ட நம்பிப் போயி மாட்டிக்காத."

"மாமா மாட்டினாரா?"

"ஏழு மாசம் உள்ள இருந்தாரு. நெஜமாவே உள்ள." அத்தை கத்தியை நிறுத்தவில்லை.

ஏஜெண்ட் கொடுத்த பேப்பர் போலி. போன புதிதிலேயே பிடித்துவிட்டார்கள். மலை மேலே வேலை, போன் வசதி இல்லை என்று இங்கே எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த மாதங்களில் மாமா ஜெயிலில் இருந்திருக்கிறார். அங்கே சமையலுக்கு ஒத்தாசையாகப் போட்டார்கள். கூட இருந்த மலைக்காரர் ஒருவர்தான் களி கிண்டச் சொல்லிக்கொடுத்து, வெளியே போனதும் என் அண்ணன் கடைக்குப் போ என்று வழியும் சொல்லி அனுப்பியவர். பேப்பர் எல்லாம் சரியானது அந்த அண்ணன் தயவால். என் அம்மாவுக்கு இது இன்றுவரை தெரியாது. அவள் ராசிபலனைத் தவிர வேறெதுவும் படிப்பதில்லை என்பதால்தான் இங்கே எழுதுகிறேன்.

"அப்பா ஜவாப்தாரின்னு சொன்னாரே" என்றேன்.

"அதான் அவரால சிரிக்க முடியல. உங்கப்பா அவருக்காக சத்தியம் பண்ணிட்டாரு இல்ல. சொல்லிட்டுதான் தாலி கட்டணும்னு இருந்தாராம். அந்த ஞாயித்துக்கெழம சமையல் ரூம்ல நான் கேட்டேன், சொல்லிட்டாரு. ஏன், நீயும் அங்கதானே நின்னுக்கினு இருந்த?"

நின்றுகொண்டுதான் இருந்தேன். எல்லாவற்றையும் கேட்டேன். ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் கூடத்தில் உட்கார்ந்து பெரியப்பாவைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். பெண், சமையல் பார்க்கிறேன் என்று எழுந்து உள்ளே வந்தாள். தனியாக விடக்கூடாது என்று அம்மா என்னைத் துணைக்கு அனுப்பினாள். மாமா வேர்த்து வடியக் கிண்டிக்கொண்டிருந்தார். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"எங்க பெரியப்பா சும்மா சந்தேகப்படற ஆளு இல்ல. அன்னிக்கு அவரு தப்பாத்தான் நெனச்சாரா?"

மாமாவின் துடுப்பு நின்றுவிட்டது. "மாமா, அடிபிடிக்கும்" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"இல்லீங்க. சரியாத்தான் நெனச்சாரு."

"எவ்ளோ நாளு?"

"ஏழு மாசம்."

"மூணு வருஷம்னு சொன்னீங்களே மாமா" என்று நான் திருத்தினேன். கணக்கில் நான் அப்போதே கெட்டிக்காரி.

"எதுக்காக?" என்றாள் அவள்.

"பேப்பர் இல்ல."

"வேற ஒண்ணும் இல்லியே?"

"வேற ஒண்ணும் இல்ல. சத்தியமா. கைல பேப்பர் இல்ல, அவ்ளோதான்."

மாமாவின் முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை. எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. பஜ்ஜிக் கடையில் பேப்பரில் வைத்துத்தானே தருவார்கள். போன வாரமும் மணைக்கு அடியில் பேப்பர் போடாததால்தான் கூடமெல்லாம் களி சிந்தி, வந்தவர்கள் கை நனைக்காமல் போனார்கள். நான் கூடத்துக்கு ஓடினேன். அப்பா கையில் வைத்திருந்த அன்றைய பேப்பரைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி ஓடிவந்து நீட்டினேன்.

"இந்தாங்க மாமா, பேப்பர்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் முதலில் சிரித்தாள். பிறகு என் கையிலிருந்து பேப்பரை வாங்கித் தரையில் விரித்து, அதன் மேல் மணையைத் தானே தூக்கி வைத்தாள்.

"அதான் பேப்பர் வந்துடுச்சே" என்றாள் மாமாவிடம். "இனிமே உங்கள யாரும் புடிக்கமாட்டாங்க. கொட்டுங்க."

மாமா கொட்டினார். அடியில் கொஞ்சம் தீய்ந்திருந்தது. நூலின் ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டு மறுமுனையை அவளிடம் கொடுத்தார். அறுத்த முதல் துண்டை அவள் அங்கேயே நின்றபடி கையில் எடுத்துச் சாப்பிட்டாள். வாசலில் எட்டிப் பார்த்த அம்மா, பொண்ணு கை நனைச்சிட்டா என்று கூடத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். அன்று முழுக்க வீட்டில் எல்லாரும் மாமாவின் களியையே புகழ்ந்துகொண்டிருந்தார்கள். சரியான நேரத்தில் பேப்பர் கொண்டுவந்து கொடுத்தது நான்தான் என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு அது வருத்தமாகவே இருந்தது.