அம்பைச் சுற்றி ஒரு நீல வட்டம்

மஞ்சுளா வீடியோ பதிவு செய்ய உட்கார்ந்தால் தறி நிற்க வேண்டும். வெண்ணந்தூரில் அவர்கள் குடியிருக்கும் வீட்டுக்கும் விசைத்தறிக் கொட்டகைக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர்தான். தறிகள் ஓடும்போது அடுப்படியில் பேசுவது கூடத்தில் கேட்காது. அவள் கதவைத் திறந்து கையை உயர்த்திக் காட்டுவாள். கணவன் அன்பரசு முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒவ்வொரு தறியாக நிறுத்துவான்.

"சீக்கரம் முடிச்சுப்போடு மஞ்சு. பாவு அப்படியே நிக்குது."

"இந்தா ஆச்சுங்க" என்பாள். ஆகாது. பேச ஆரம்பித்தால் அவளுக்கு நிறுத்தத் தெரியாது.

ராசிபுரத்தில் பிறந்தவள். சேலத்தில் ஒரு சேலை டிசைன் கூடத்தில் கம்ப்யூட்டரில் வேலை பார்த்தவள். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களாக இருக்கும். எந்தக் கட்டத்துக்கு எந்த நிறம் என்று நிரப்பிக்கொண்டே போனால் அதுவே கரையாகும், முந்தியாகும், உடம்பில் இறைந்து கிடக்கும் புட்டா என்ற சின்னப் பூவாகும். பிறகு தறிமேல் இருக்கும் ஜக்கார்டு என்ற கருவி அதைப் பார்த்து நூலைத் தூக்கும். மஞ்சுளாவின் கைக்கு அந்த வேலை அப்படிப் பழகியிருந்தது. மகள் பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே டிசைன் போட ஆரம்பித்தாள். ஆனால் பழைய கூடத்தில் இருந்தவர்கள் விடவில்லை. "அக்கா, புட்டாவத் திருப்பி அடுக்கறது எப்புடிங்க?" என்று சோறு உண்ணும் நேரத்திலெல்லாம் போன் வரும். ஒன்றையே எத்தனை பேருக்குச் சொல்வது? திரையில் தான் செய்வதைப் பதிவு செய்து, கூடவே பேசி, யூடியூபில் போட்டுவிட்டாள்.

பார்க்கிறவர்கள் மெல்ல மெல்லக் கூடினார்கள். இளம்பிள்ளையிலிருந்தும் ஜலகண்டாபுரத்திலிருந்தும் நன்றி சொல்லி எழுதினார்கள். அவளுக்குப் பெருமையாக இருந்தது. குறிப்பாகத் தன் பேச்சின்மேல் அவளுக்குப் பெருமை. தெளிவாக, கோவையாக, தடுமாறாமல் சொல்வதாக நினைத்தாள்.

ஒரே ஒரு குறைதான். எந்த வீடியோவின் கீழே போனாலும் நாலு பேராவது ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். "அக்கா, இப்ப எங்க அமுக்குனீங்க?" "அது லெப்ட்டுங்களா, ரைட்டுங்களா?" "பூ எப்படித் தானா நவுந்துச்சு?"

"வாய் வலிக்கச் சொல்றேன். காதுல வாங்குனாத்தானே?" என்று அன்பரசுவிடம் குறைபட்டுக்கொள்வாள். அடுத்த வீடியோவில் இன்னும் சத்தமாக, இன்னும் அதிகமாகப் பேசுவாள்.

ஒரு நாள் மத்தியானம் அந்தக் கமெண்ட் வந்தது. ஆத்தூர் ஜோதி என்று பெயர் போட்டிருந்தது. "அக்கா, உங்கள் வீடியோவை நீங்களே ஒரு முறை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள்."

மஞ்சுளாவுக்குச் சுருக்கென்றது. "பாத்தீங்களா, என் பேச்சே வேண்டாமாம். எம்மேல என்ன காட்டமோ தெரியல."

அன்பரசு தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னான். "ஒருக்காப் பாத்துப்போடு. பாத்தா என்ன கொறஞ்சா போயிருவ?"

ஆத்திரத்தோடுதான் போனை எடுத்தாள். அவளுக்கே மிகவும் பிடித்த வீடியோ அது, முந்தியில் புட்டாவை வரிசையாக அடுக்குவது. சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தாள்.

திரையில் ஒரு வெள்ளை அம்பு ஈ மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. இங்கே போனது, அங்கே போனது, காரணமில்லாமல் வட்டமடித்தது. திடீரென்று ஒரு பெட்டி திறந்தது. எதை அழுத்தியதால் திறந்தது என்று தெரியவில்லை. பூ ஒன்று இருந்த இடத்தைவிட்டு நகர்ந்தது. பிடித்து இழுத்தாளா, இரண்டு முறை அழுத்தினாளா என்று செய்த அவளுக்கே சொல்ல முடியவில்லை. பாதி பார்ப்பதற்குள் அவள் முகம் வாடிவிட்டது.

"எனக்கே வெளங்கலீங்க" என்றாள்.

அன்றைக்கே ஜோதிக்குப் பதில் எழுதினாள். தவறாக நினைத்துவிட்டேன், மன்னிக்க வேண்டும், உங்களுக்கு எந்த இடம் புரியவில்லை என்று கேட்டாள். உடனே பதில் வந்தது. "எனக்குப் பிறவியிலிருந்து காது கேட்காது அக்கா. ரவிக்கைக்கு ஆரி எம்பிராய்டரி வேலை செய்கிறேன். சேலை டிசைன் போடக் கற்றுக்கொள்ள ஆசை. பழைய கம்ப்யூட்டர் ஒன்று வைத்திருக்கிறேன். உங்கள் வீடியோ எல்லாம் பார்த்துவிட்டேன். நீங்கள் எப்போது அழுத்துகிறீர்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியவே இல்லை."

மஞ்சுளா அதை அன்பரசுவுக்குப் படித்துக்காட்டினாள். அவன் கேட்டுவிட்டு, "அந்தப் புள்ளைக்கு மட்டுமா?" என்றான். "தறி ஓடற பட்டறைல நின்னுக்கிட்டுப் பாக்கறவனுக்கு யாருக்கு மஞ்சு உன்ற பேச்சுக் கேக்குது? அதுக்குத்தான் எல்லாரும் எங்க அமுக்குன, எங்க அமுக்குனன்னு கேக்கறாங்க."

சுவருக்கு அந்தப்பக்கமே இத்தனை நாளாகத் தறி ஓடியும் இது தனக்குத் தோன்றவில்லையே என்று அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெட்கப்பட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிற ஆளும் இல்லை அவள். மறுநாளே தேட ஆரம்பித்தாள்.

மவுஸ் அம்பைச் சுற்றி வட்டம் போட்டுக் காட்டும் சின்ன மென்பொருள் ஒன்று இலவசமாகவே கிடைத்தது. மஞ்சள் வட்டம் வைத்து ஒரு பாடத்தைப் பதிவு செய்து முதலில் ஜோதிக்கு அனுப்பினாள். "ஜரிகைமேல் போகும்போது வட்டம் காணாமல் போகிறது" என்று பதில் வந்தது. உண்மைதான். ஜரிகையும் மஞ்சள், வட்டமும் மஞ்சள். நீலத்துக்கு மாற்றி, நன்றாகத் தெரியட்டும் என்று பெரிதாகவும் வைத்தாள். "இப்போது வட்டம் தெரிகிறது, கட்டம் தெரியவில்லை" என்று எழுதினாள் ஜோதி. மஞ்சுளா சிரித்துவிட்டாள். உள்ளே ஒன்றுமில்லாத மெல்லிய வளையமாக மாற்றினாள். இடது பொத்தானுக்கு நீலம், வலதுக்குச் சிவப்பு.

கிளிக் சரியாகிவிட்டது. இழுப்பதுதான் பிடிகொடுக்கவில்லை. அழுத்தும்போது வளையம் ஒரு முறை மின்னி மறைந்துவிடும். அதற்குப் பிறகு அம்பு நகர்ந்தால், விரல் பொத்தான்மேல் இருக்கிறதா, எடுத்தாயிற்றா என்று பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? பூவைப் பிடித்து இழுத்துக் கொண்டுபோய் வைப்பதுதான் முந்தி வேலையில் பாதி. ஒவ்வொரு அமைப்பாகத் திறந்து பார்த்துக் கடைசியில் கண்டுபிடித்தாள். அழுத்தும்போது வளையம் சுருங்கும். விரலை எடுக்கும் வரை சுருங்கியே இருக்கும். போகிற வழியில் மெல்லிய கோடு ஒன்று கூடவே வரும். விரலை எடுத்ததும் வளையம் விரியும், கோடு மறையும்.

அதோடு தன் கையையும் அவள் திருத்த வேண்டியிருந்தது. பேசும்போது சிலர் கையை ஆட்டுவதுபோல அவள் மவுஸை ஆட்டிக்கொண்டிருந்தாள். இப்போது சும்மா இருக்கும்போது அம்பு அசையக் கூடாது. போக வேண்டிய இடத்துக்கு நேராகப் போக வேண்டும், போனதும் நிற்க வேண்டும், நின்ற பிறகே அழுத்த வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. பழக்கத்தை மாற்றுவதற்குள் அவளுக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது. எதை எதற்காக அழுத்துகிறோம் என்பதைத் திரையின் அடியில் எழுத்தில் போட்டாள். ஒவ்வொரு பாடத்தையும் அன்பரசு சத்தமில்லாமல் பார்த்து, புரிகிறது என்று சொன்ன பிறகே வெளியே விட்டாள்.

இப்போது பாடத்தில் பேச்சே இல்லை என்பதால், தறியை நிறுத்தச் சொல்லி அவள் கையை உயர்த்துவதும் நின்றுபோயிற்று. பக்கத்தில் தறி தடதடவென்று ஓடும், இவள் பாட்டுக்குப் பதிவு செய்துகொண்டிருப்பாள்.

புட்டா அடுக்கும் பாடத்தைப் புதிதாகப் போட்டு நாலைந்து நாள் இருக்கும். ஜோதியிடமிருந்து அவள் போட்ட டிசைனின் படம் ஒன்று வந்தது. விரல் விரித்த மாதிரி மரவள்ளி இலை, அரக்கு நிறப் பின்னணியில் ஒன்று விட்டு ஒன்று சாய்ந்து, முந்தி முழுக்க. ஒரு கட்டம்கூடப் பிசகவில்லை. "எங்கள் காட்டில் இருப்பது" என்று மட்டும் கீழே எழுதியிருந்தாள்.

மஞ்சுளா போனைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினாள். தறிச் சத்தத்தில் பேச முடியாது. படத்தைக் கணவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். அவன் பார்த்தான். திரும்பவும் பார்த்தான். பிறகு ஓரத்துத் தறியைக் கைகாட்டினான். அந்தத் தறியிலேயே அந்தச் சேலை நெய்து இறங்கியது. அதை மடித்து ஆத்தூருக்கு அனுப்பிவைத்தாள் மஞ்சுளா.

இதற்குள் அவளுடைய வீடியோக்களின் பேர் பரவியிருந்தது. ராசிபுரத்தில் நெசவாளர்களுக்கு டிசைன் பயிற்சி ஏற்பாடு செய்துகொண்டிருந்த இளஞ்செழியன் நேரில் வந்து அழைத்தார்.

"நீங்கதானுங்க வந்து கிளாஸ் எடுக்கோணும்."

"நான் வாரேனுங்க. ஆனா கிளாஸ் ஜோதி எடுக்கட்டும்" என்றாள் மஞ்சுளா, யாரென்று விளக்கிவிட்டு.

அவர் தயங்கினார். "தப்பா நெனச்சுக்காதீங்க. வாய் பேசாத பொண்ணு எப்புடிங்க கிளாஸ் எடுக்கும்?"

"நீங்க முன்னால உக்காந்து பாருங்க."

சொல்லிவிட்டாளே தவிர, கிளாஸ் அன்று காலையில் பஸ் வருவதற்கு வெகுநேரம் முன்பே போய் நின்றுகொண்டாள். ஜோதி அண்ணன் தனபாலோடு ஆத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். மரவள்ளி இலைச் சேலையைத்தான் கட்டியிருந்தாள். இருவரும் அன்றுதான் முதல்முறையாக நேரில் பார்த்துக்கொண்டார்கள். மஞ்சுளா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு நாளா சாப்பாடே இறங்கல இதுக்கு. ஆனா வரமாட்டேன்னு மட்டும் சொல்லல" என்றான் தனபால்.

கூடத்தில் எல்லோரும் கம்ப்யூட்டர்முன் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் பெரிய திரை. ஜோதி மவுஸைத் தொட்டாள். நீல வளையம் வந்தது. நேராகப் போய் நின்று சுருங்கி விரிந்தது. உட்கார்ந்திருந்தவர்களும் அதேபோல அழுத்த, எல்லாக் கம்ப்யூட்டரிலும் அதே பெட்டி திறந்தது. அவள் திரும்பி எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனாள். யாரும் பேசவில்லை. பேசத் தேவையும் வரவில்லை.

முன்வரிசையில் மாதையன் என்று ஒரு தறிக்காரர். பாடத்தில் வந்த மரவள்ளி இலையைப் பிடித்து இழுக்கும்போதெல்லாம் அவருக்குப் பாதி வழியில் விட்டுவிட்டது. மூன்றாவது முறையும் அப்படியே ஆனதும், "நமக்கு இது ஆவாதுங்க" என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

பின்வரிசையிலிருந்த மஞ்சுளா சொல்லப்போகும் வார்த்தைகளோடு பாதி எழுந்துவிட்டாள். அதற்குள் ஜோதி அவரிடம் போய், அவர் விரலையே உற்றுப் பார்த்தாள். மவுஸை அவரிடமிருந்து வாங்கவில்லை. தன் இடத்துக்குத் திரும்பிப்போய், அவர் செய்தது போலவே பெரிய திரையில் செய்துகாட்டினாள். வளையம் சுருங்கியது, கோடு நீண்டது, பாதியில் வளையம் விரிந்தது, இலை அந்தரத்தில் நின்றுபோயிற்று. பிறகு மறுபடியும். இந்த முறை வளையம் சுருங்கியது சுருங்கியபடியே முந்தியின் ஓரம் வரை போய், இலை தன் இடத்தில் உட்கார்ந்த பிறகே விரிந்தது.

"அட! நடுவால வெரலு எடுத்துப்போடறேன் நானு!" என்றார் மாதையன். இழுத்தார். இலை போய் உட்கார்ந்தது. கூடம் மொத்தமும் கைதட்டியது. ஜோதி அத்தனை கைகளையும் பார்த்தாள். மஞ்சுளா திரும்ப உட்கார்ந்துகொண்டாள். தான் பேசியிருந்தால்கூட இவ்வளவு தெளிவாக வந்திருக்காது என்பது அவளுக்குத் தெரிந்தது. அது அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

மாலையில் இளஞ்செழியன் மஞ்சுளாவிடம் வந்தார். "அடுத்த மாசம் திருச்செங்கோட்டுல ஒரு பேட்ச்சுங்க. அவங்களையே வரச்சொல்ல முடியுங்களா?"

"அவங்ககிட்டயே கேளுங்க. மெதுவாப் பேசுனா உதட்டப் பாத்துப் புரிஞ்சுக்குவாங்க."

அவர் ஜோதியின் முன்னால் நின்று நிதானமாகக் கேட்டார். ஜோதி போனை எடுத்து நாள் பார்த்தாள். எழுதி அவர் பக்கம் திருப்பினாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சத்தமாகவே படித்தார்.

"முகூர்த்த வாரத்தில் முடியாது. ஆரி ஆர்டர் நிறைய இருக்கிறது. அதற்கு அடுத்த வாரம் என்றால் வருகிறேன்."

மஞ்சுளா சிரித்துக்கொண்டே அவரைப் பார்த்தாள்.

"அப்பச் செரிங்க" என்றார் இளஞ்செழியன். "அவங்களுக்குத் தோதுப்படற நாளுக்கே வெச்சுக்கலாம்."