பின் சீட்டுக்கு ஸ்பெக் கிடையாதா?

போன மாதம் எங்கள் வீட்டுக்கு ஒரு புது பைக் வந்தது. நூற்றிருபத்தைந்து சிசி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் கணவர் வாங்கியது.

எல்இடி ஹெட்லைட், டிஜிட்டல் மீட்டர், டிஸ்க் பிரேக், அகலமான டயர்... நான் இட்லிக்குச் சட்னி வைத்தால், "பிக்கப் எப்படித் தெரியுமா?" என்கிறார். வயது ஐம்பத்தொன்று. எங்கே பாய்ந்து போகப் போகிறார்? காலையில் என்னைச் செங்கல்பட்டு ஸ்டேஷனில் இறக்கிவிட்டு ஆபீஸுக்குப் போவார். வண்டிக்கு அவ்வளவுதான் வேலை.

அந்தப் பதினைந்து நிமிஷம்தான் நாங்கள் உருப்படியாகப் பேசிக்கொள்வது. மாமியாரின் மாத்திரை, மகளின் காலேஜ், சண்டை, சமாதானம் – எல்லாமே பழைய வண்டியில் அவர் காதருகே நான் நடத்தியதுதான்.

புது வண்டியின் பின் சீட்டோ, உயரத்தில் தனியாக ஒரு துண்டு. ஏறினால் அவர் ஹெல்மெட் என் முகவாய்க்குக் கீழே இருக்கிறது. நான் பேசுவது காற்றோடு போகிறது. பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. புடவை சக்கரத்தில் சிக்காமல் ஒரு தடுப்பு இருக்குமே, அதையும் காணோம்.

முதல் சர்வீஸுக்கு நானும் கூடப் போய் ஷோரூம் சேல்ஸ்மேனிடம் கேட்டேன்.

"அதா மேடம்? அது இருந்தா லுக்கு போய்டும். சாரே கயட்ட சொல்ட்டாரு."

"சரி, நான் எப்படிப்பா உட்காருவது?"

"இது யூத்து வண்டி மேடம். பின்னால யாரு குந்தப் போறாங்கன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல."

யூத்து அப்போது டயரை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னைச் சமாதானப்படுத்த ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் கூட்டிப்போனார். திருக்கழுக்குன்றம் வருவதற்குள் எத்தனை ஸ்பீட் பிரேக்கர்... ஒவ்வொன்றிலும் சறுக்கி அவர் முதுகில் மோதினேன். "பிரேக்கிங் சூப்பர் இல்ல?" என்றார். திரும்பும்போது நான் பஸ்ஸில் வந்தேன்.

இப்போது தினமும் ஷேர் ஆட்டோ. பத்து நாளாக எங்களுக்குள் சண்டைகூட இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது... எனக்கு அதுதான் வருத்தம்.

நேற்றுக் காலை ஆட்டோவில் ஏறியதும் அவருக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. சாயங்காலம் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"வண்டி ஓட்டிட்டிருந்தேன். நீ கூப்பிட்டதும் மீட்டர்ல உன் பேரு வருது! செம ஃபீச்சர்."

வாஸ்தவம்தான். அந்த வண்டியில் எனக்கென்று ஒதுக்கியிருக்கும் இடம் அது ஒன்றுதான்.