பன்றிக்குப் போட்ட பாத்தி

என் நிலம் குறிஞ்சிப்பாடிக்குத் தெற்கே இருக்கிறது. நிலத்துக்கு மேற்கே முந்திரித் தோப்பு. போன வருடம் அந்தத் தோப்பிலிருந்து இறங்கிய காட்டுப்பன்றிகள் மல்லாட்டையில், அதாவது நிலக்கடலையில், பாதியைக் கிளறித் தின்றுவிட்டன. அந்த ஒரு போகத்தை நம்பித்தான் எங்கள் வீடு ஓடுகிறது.

என் மச்சான், மனைவியின் தம்பி, சிதம்பரத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான். இந்த வருடம் விதைப்புக்கு முன் ஒரு வீடியோவோடு வந்தான். அமெரிக்காவில் மான் வேட்டைக்காரர்கள் மானுக்கென்றே தீனி விதைத்து, எதிரே பரண் கட்டி உட்காருகிறார்கள். நாமும் தோப்போரம் சர்க்கரைவள்ளி நட்டால் பன்றி அதிலேயே நின்றுவிடும், பரணிலிருந்து வெடி போட்டு விரட்டலாம் என்றான். சுடும் பேச்சே இல்லை, சுட்டால் ஜெயில். நட்டோம். கிழக்கு வரப்பு வேப்பமரத்தில் பரண் கட்டினோம்.

நாங்கள் உட்கார்ந்திருக்கும்வரை ஒரு பன்றியும் வராது. வீட்டுக்குப் போனதும் வந்து தின்றுவிட்டுப் போகும். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"சாயங்காலம் ஆனா கடல் காத்து நம்ம முதுவுல அடிக்குது. நம்ம நாத்தம் நேரா தோப்புக்குப் போவுது. காத்தப் பத்தி உன் வீடியோல ஒண்ணும் சொல்லலயா?"

"சொன்னாங்க மாமா. அத ஓட்டி உட்டுட்டேன்."

காற்று பாத்தியிலிருந்து எங்கள் பக்கம் வரட்டும் என்று பரணைத் தோப்போரத்து முந்திரி மரத்துக்கு மாற்றினோம். மறுநாள் பொழுது சாயும்போதே ஒரு தாய்ப்பன்றி குட்டிகளோடு வடக்கு ஓரமாகச் சுற்றி வந்து கிழங்கைத் தோண்டியது. மச்சான் வெடியைக் கொளுத்திப் போட்டான். சத்தம் வந்த பக்கம் எந்த உயிரும் ஓடாது. தோப்புக்கும் பன்றிக்கும் நடுவே நாங்கள் இருந்தோம். அவை நேரே மல்லாட்டைக்குள் பாய்ந்தன. மல்லாட்டைக் கொல்லையின் ஒரு பக்கம் முழுக்கத் துவம்சம்.

வேட்டைக்காரனுக்கு மிருகம் வர வேண்டும், நிற்க வேண்டும். எனக்கு அது வரவே கூடாது. அவன் திட்டத்தை எடுத்துக்கொண்டு வந்து நான் விருந்து வைத்திருக்கிறேன். இது விளங்க எனக்கு இவ்வளவு செடி போக வேண்டியிருந்தது.

விடிந்ததும் சர்க்கரைவள்ளியை வேரோடு வெட்டி எறிந்தேன். கிழங்கு இன்னும் முற்றவில்லையே, பரணை வடக்கே மாற்றிப் பார்ப்போமே என்று மச்சான் முனகினான். நான் கேட்கவில்லை.

இப்போது மறுபடியும் வேப்பமரத்தில்தான், விடியும்வரை உட்காருகிறோம். நாற்றம் நன்றாகப் போகட்டும். மச்சான் செண்ட் வேறு அடித்துக்கொண்டு வருகிறான். மிச்சமிருக்கிற மல்லாட்டை முற்றிக்கொண்டிருக்கிறது. காற்று நின்றுபோகும் நாளில் என்ன செய்வதென்று எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.