என் பிள்ளை பேரில் வாங்கிய அரிசி

அண்ணாச்சி, நீங்கள் திருடர். செத்துப்போன என் பிள்ளை பேரில் மூன்று வருஷத்துக்கு மேலாக ரேஷன் அரிசி வாங்கியிருக்கிறீர்கள். நேரில் வந்து கேட்டேன். வாசலில் வைத்தே அனுப்பிவிட்டீர்கள். அதனால் நம் ஊர் ஆட்கள் பம்பாயிலும் ஊரிலும் படிக்கிற இந்தப் பத்திரிகையில் எழுதுகிறேன். நான் அஞ்சாம் வகுப்புவரை படித்தவள். அழகாக எழுத வராது. பொய் எழுத மாட்டேன்.

ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அண்ணாச்சி பேரை நான் எழுதவில்லை. எழுத வேண்டியதும் இல்லை. தாராவியில் திருநெல்வேலிக்காரர்கள் இருக்கிற எங்கள் வீட்டு வரிசையில் அண்ணாச்சி என்றால் ஒருவர்தான். தோல் கிடங்கில் வேலை செய்கிற தனிக்கட்டைகளுக்குச் சாப்பாட்டு மெஸ் நடத்துகிறார். ஊர்ச் சங்கத்துக்குத் தலைவர். ரயிலைவிட்டு இறங்குகிறவனுக்கு வேலை பிடித்துக் கொடுப்பதும், கடுதாசி எழுதிக் கொடுப்பதும், ஆள் செத்தால் தூக்கிக்கொண்டு போவதும் அவர்தான். நீங்கள் கோயில் கொடைக்கு வரி கேட்டு முதலில் கடுதாசி போடுவதும் அவருக்குத்தான்.

ஊரில் அரிசி இல்லையென்றால் பக்கத்து வீட்டில் ஒரு உழக்கு கைமாற்று வாங்குவோம். இங்கே அதற்குக் கார்டு வேண்டும். வீட்டில் எத்தனை தலை, யார் யார் என்று கார்டில் இங்கிலீஷில் எழுதியிருக்கும். தலைக்கு இவ்வளவு, சின்னப் பிள்ளைக்கு அரைப் பங்கு என்று அளந்து போடுவார்கள். அரிசி கொஞ்சம்தான். மீதிக்குக் கோதுமையோ சோளமோ கம்போ, கடையில் அன்றைக்கு எது இருக்கிறதோ அது. யுத்தம் முடிந்துவிட்டது, வெள்ளைக்காரன் மூட்டை கட்டுகிறான் என்கிறார்கள். ரேஷன் மட்டும் போவதாகக் காணோம். விடியுமுன் போய் வரிசையில் உட்கார்ந்தால்தான் உண்டு. கைப்பிள்ளைக்காரிகளுக்கு அது முடியாது. அதனால் எங்கள் வீட்டு வரிசையில் பத்திருபது குடும்பங்களின் கார்டுகள் அண்ணாச்சியின் தகரப் பெட்டியில் இருந்தன. அவருடைய மெஸ் ஆள் மொத்தமாக வாங்கிவந்து வீடுவீடாகக் கொடுப்பான். நாங்கள் அதை உபகாரம் என்று நினைத்தோம்.

போன மாதம் அந்த ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டான். மெஸ்ஸில் இருந்து எங்கள் கார்டை நானே வாங்கிக்கொண்டு, என் மகள் பேச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பேச்சிக்கு இரண்டு வயது. இந்த ஊரில் வளர்கிறவள். தண்ணீரைப் 'பாணி' என்பாள். அடுத்த அறை மராட்டிக்காரியின் பிள்ளைகளோடு உட்கார்ந்து டீயில் பாவ் ரொட்டியை முக்கித் தின்பாள். கடைக்கார சேட் கார்டைப் பார்த்தார், அளந்து போட்டார். பை வழக்கத்தைவிடக் கனத்தது. நிறையப் போட்டுவிட்டீர்கள் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் நான் குறைச்சல் என்று சண்டை போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் தராசில் வைத்துக் காட்டினார். நாங்கள் மூன்று பேர் என்று நான் மூன்று விரலைக் காட்டினேன். அவர் நான்கு விரலைக் காட்டினார். பேச்சியைக் காட்டி இவள் ஒருத்திதான் என்றேன். சேட்டுக்குக் கோபம் வந்துவிட்டது. கார்டைத் திருப்பி, பின்னால் நிற்கிற ஐம்பது பேரும் கேட்க, ஒவ்வொரு பேராக வாசித்தார். என் புருஷன் பேர், என் பேர். மூன்றாவதாக, “இசக்கிமுத்து.” நான்காவதாகப் பேச்சி.

பிறகு சிரித்தார். “என்ன அம்மா, பெத்த பிள்ளையையே மறந்துட்டியா? இன்னும் கொஞ்ச வருஷத்துல அவனுக்கு முழுப் பங்கு வந்துடும்” என்று அவர் இந்தியில் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். என்ன செய்ய? வீட்டில் வேறு அரிசி இல்லை.

இசக்கிமுத்து என் மூத்த பிள்ளை. ரேஷன் வந்த வருஷம் மழைக்காலத்தில் செத்தான். இரண்டரை வயது. அதைப் பற்றி இதுவரை யாரிடமும் பேசியதில்லை. ஊரில் நாங்கள் தினமும் நெல்லுச்சோறு தின்றவர்கள் இல்லை. கம்பங்கூழும் சோளச்சோறும்தான். நெல்லுச்சோறு தீபாவளிக்கும் கொடைக்கும். பம்பாய்க்கு வந்ததே தினமும் நெல்லுச்சோறு கிடைக்கும் என்றுதான். வந்து கிடைக்கவும் செய்தது. அந்தச் சோற்றில் பிறந்தவன் அவன். வேறொன்றும் அவன் நாக்குக்குத் தெரியாது. திடீரென்று ரேஷன் வந்தது. கடையில் கம்பு போட்டார்கள், பழசு, பூச்சி விழுந்தது. நான் கழுவிக் கழுவிக் கூழ் காய்ச்சினேன். அவன் வாயை இறுக்கி மூடிக்கொண்டு “சோறு, சோறு” என்பான். “நாங்கல்லாம் இதைத் தின்னுதாம்ல வளந்தோம்” என்று சொல்லி மூக்கைப் பிடித்து ஊற்றினேன். முதுகில் அடித்தேன். பிறகு வயிற்றுப்போக்கு வந்தது. அவனுக்கும் வந்தது, அவன் அப்பாவுக்கும் வந்தது. அப்பா பிழைத்துக்கொண்டார்.

அன்றைக்கு எங்கள் வீட்டுக்காரர் எழுந்து நிற்கவும் முடியாமல் கிடந்தார். பெண்கள் நாங்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கம் கிடையாது. பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு மழையில் நடந்து போனது அண்ணாச்சிதான். கூடப் போன இரண்டு மெஸ் ஆட்களும் பிறகு வேலையை விட்டு எங்கோ போய்விட்டார்கள். அண்ணாச்சி செய்த அந்த உதவியை நான் மறைக்கவில்லை. அவர் நனைந்து திரும்பி வந்தபோது அவர் காலில் விழுந்தேன். நாலு நாள் கழித்து வந்து, “கார்டைக் குடு தாயி, பிள்ளை பேரை வெட்டிட்டு வாரேன். நீ போயி அந்த ஆபீசுல நின்னு அழ வேண்டாம்” என்றார். கொடுத்தேன்.

அதற்குப் பிறகு பேச்சி பிறந்தாள். அவள் சோறு தின்னத் தொடங்கியதில் இருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் அண்ணாச்சி ஒரு சின்னப் பையில் அரிசி அனுப்புவார். பிள்ளைக்குக் குழைய வடித்துக் கொடு என்று சொல்லி அனுப்புவார். சொந்தக் கையில் இருந்து தருகிறார் என்று நினைத்தேன். மகராசன் நன்றாக இருக்கவேண்டும் என்று வாயால் சொல்லி, பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்து பேச்சிக்கு ஊட்டினேன். அவள் துப்பினதை நான் வழித்துத் தின்றேன். சங்கத்தின் பொங்கலுக்கு அண்ணாச்சி போட்ட சாப்பாட்டில் இரண்டாம் தடவையும் சோறு கேட்டு வாங்கினேன். எல்லாம் அவன் அரிசி. சோறு கேட்டுச் செத்தவனுக்கு வாரம் தவறாமல் அரிசி வந்திருக்கிறது. நாங்கள் தின்றிருக்கிறோம். கார்டில் அவனுக்கு வயதும் ஏறியிருக்கிறது. இப்போது அவனுக்கு ஆறு.

கடையில் இருந்து வந்த அன்றைக்கும் அந்த அரிசியைத்தான் உலையில் போட்டேன். பேச்சிக்குப் பசி. அன்றைக்கு மூன்று பேருக்கு அளந்துவிட்டு நிறுத்தப் பார்த்தேன், கை தானாக நான்காவது தம்ளருக்குப் போனது. இன்றைக்கும் போகிறது. சோறு மிஞ்சுகிறது. கொட்டவும் முடியவில்லை, யாருக்கும் கொடுக்கவும் முடியவில்லை. தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் நானே தின்கிறேன்.

மறுநாள் மெஸ்ஸுக்குப் போனேன். அண்ணாச்சி வாசலில் நின்று வெங்காய மூட்டையை எடை பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டேன்.

“ஏட்டி, மெல்லப் பேசு. உள்ள ஆளுக தின்னுதாவ” என்றார்.

“யாரு அரிசியத் தின்னுதாவ?”

“செத்தவன் எந்திச்சு வந்து கேக்கப் போறானா? சர்க்காரு அரிசிதான, ஒங்கப்பன் வீட்டு அரிசியா? பம்பாயில வந்து எறங்குத பயலுவளுக்குக் கார்டு உண்டா? ரெண்டு மாசம் மூணு மாசம் நான்தான சோறு போடுதேன், எங்கேந்து போடுவேன்? நீ பேச்சியப் பெற ஊருக்குப் போயிருந்தீல்லா, ஒம் புருசன் எங்க தின்னான்னு கேளு.”

“பேரை வெட்டுதேன்னு சொல்லித்தான வாங்கினிய?”

“வெட்டியிருந்தா ஒன் மவளுக்கு ஞாயித்துக்கிழம அரிசி எது? அதத் தின்னுட்டு வந்து என் வாசல்ல நின்னு கத்துதியே, நல்லாருக்கு.”

உள்ளே யாரோ சிரித்தான். நான் திரும்பி வந்துவிட்டேன். அவர் சொன்னதில் பொய் இல்லை. பசித்தவர்கள்தான் தின்றார்கள். ஆனால் என்னைக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேனோ என்னவோ. என் பிள்ளையை வைத்து நாலு பேருக்குச் சோறு போட்டதை என்னிடம் மறைத்து, அதில் ஒரு பிடியை எனக்கே தருமமாகக் கொடுத்து, நான் கும்பிட்டதையும் வாங்கிக்கொண்டாரே, அதைத்தான் திருட்டு என்கிறேன்.

வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல், “எனக்குத் தெரியும்” என்றார்.

“எப்போலேருந்து?”

“மொத மாசத்துலேருந்து. கார்டு மாத்தும்போதெல்லாம் நான்தான கையெழுத்துப் போட்டேன்.”

“ஏன் எங்கிட்டச் சொல்லல?”

கையைக் கழுவிவிட்டு வந்துதான் பதில் சொன்னார். “ஊருல அவனப் பாத்தவன் ஒருத்தன் கெடையாது. நம்ம சாமி கோயில்ல அவனுக்கு முடி எறக்கல. இங்க இருந்த அடையாளமும் இல்ல. ஒரு காயிதத்துலயாவது அவன் பேரு இருந்துட்டுப் போட்டும்னு விட்டுட்டேன்.”

எனக்கு அவர்மேல் கோபம்தான். ஆனால் அதே ராத்திரி, இங்கிலீஷ் தெரியாத நான், விளக்கடியில் கார்டை வைத்துக்கொண்டு மூன்றாவது வரியை விரலால் தடவிப் பார்த்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

இப்போது கார்டுகளைப் புதுசாக்குகிறார்கள். ஆபீசர் வீடுவீடாக வந்து தலை எண்ணப் போகிறார். அண்ணாச்சி ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். பிள்ளை ஊரில் தாத்தா வீட்டில் இருக்கிறான், பள்ளிக்கூடம் திறந்ததும் வந்துவிடுவான் என்று நான் சொல்ல வேண்டுமாம். மாற்றிச் சொன்னால் கையெழுத்துப் போட்ட என் புருஷன்தான் ஜெயிலுக்குப் போவான், தோல் கிடங்கு வேலையும் போகும், கைப்பிள்ளையோடு நான் ரயிலேற வேண்டியதுதான் என்றும் சொல்லச் சொன்னாராம். உண்மைதான். அப்படி நடக்கலாம்.

நான் இரண்டு நாள் யோசித்தேன். ஊரில் இருக்கிறான் என்று சொல்லிப் பார்த்தேன், தனியாக, அடுப்பைப் பார்த்துக்கொண்டு. சொல்லும்போது அவன் அங்கே ஓடை மணலில் விளையாடுவது போலவே இருந்தது. ஆறு வயதுப் பிள்ளை, என் தகப்பனார் கையைப் பிடித்துக்கொண்டு. எனக்குப் பயம் வந்துவிட்டது. இன்னும் ஒரு வருஷம் இப்படிச் சொன்னால் நானே நம்பிவிடுவேன். ஊருக்கு ரயிலேறிப் போய் அவனைத் தேடவும் செய்வேன்.

ஆகவே செத்துவிட்டான் என்றுதான் சொல்லப் போகிறேன். அப்படிச் சொன்னால் ஆபீசர் அத்தாட்சி கேட்பார். அதற்காக வீட்டுக்காரரைச் சுடுகாட்டுக்கு அனுப்பினேன். மராட்டி வாசிக்கத் தெரிந்த கிடங்கு ஆள் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போனார். அந்த மழைக்காலத்து நோட்டை எடுத்துக் காட்டினார்களாம். என் பிள்ளை போன தேதியில் புதைத்த சிறுபிள்ளைகள் இரண்டு பேர்தான். இரண்டும் ஆண். இரண்டும் மதராசி என்று போட்டிருக்கிறது. ஒருவன் ராமசாமி. ஒருவன் முனுசாமி. இசக்கிமுத்து என்று யாரும் இல்லை. அதற்கு முந்தின நாளும் இல்லை, அடுத்த நாளும் இல்லை. எழுதினவன் மராட்டிக்காரன், நம் பேர் அவன் வாயில் நுழைந்திருக்காது என்று சொல்லாதீர்கள். இசக்கிமுத்துவை எப்படிக் கடித்தாலும் ராமசாமி ஆகாது. அந்த நோட்டில் அவன் பேர் ஏறியிருந்தால் கார்டில் அவன் பேரை வைத்திருக்க முடியாது.

வீட்டுக்காரர் திரும்பி வந்து அந்த இரண்டு பேரையும் சொன்னார். நானும் சொல்லிப் பார்த்தேன். பேச்சி என்னைப் பார்த்து அவளும் சொன்னாள்.

அண்ணாச்சி, அரிசியைப் பற்றி நான் இனிக் கேட்கவில்லை. நானும் தின்றவள். சர்க்கார் கேட்டால் என் புருஷன் போட்ட கையெழுத்துக்கு நாங்கள் இருவரும் பதில் சொல்லிக்கொள்கிறோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம் இருக்கிறது. பெண்கள் அங்கே வருவதில்லை. நான் வருவேன். எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று எனக்கு ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அன்றைக்கு மழையில் என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனீர்களே, சுடுகாட்டு வாசலில் பேர் என்ன என்று கேட்டபோது, கையில் அவனை வைத்துக்கொண்டு, எந்தப் பேரைச் சொன்னீர்கள்?