தேவியின் எலக்டிவும் பேண்ட்ரி காலண்டரும்

1. காலண்டர் மாட்டிய நாள்

ஜொகூர் தம்போயில், கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த பிளான் ஆபீசில் டீ போடவும் கூட்டிப் பெருக்கவும் நான் சேர்ந்த முதல் நாளே முதலாளியின் முகம் கறுத்துக் கிடந்தது. வீட்டைப் பெரிதாக்கி இழுத்துக் கட்டுகிறவர்கள், கடை எழுப்புகிறவர்கள் கேட்டால் பிளான் வரைந்து, நகராண்மைக் கழகத்துக்கு அனுப்பி, அனுமதி வாங்கிக் கொடுப்பது அந்த ஆபீசின் தொழில். அன்று காலை ஒரு பிளான் சிவப்புக் கோடுகளோடு திரும்பி வந்திருந்தது.

முதலாளியைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். சீனர். ஆனால் அவருடைய அப்பா ஒரு ரப்பர் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். லயத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு ஓடியாடி வளர்ந்ததால் தவுக்கேவுக்குத் தமிழ் சரளம். கோபம் வந்தால் தமிழ்தான் முதலில் வரும்.

நான் என் பாட்டுக்கு டீ போடும் பேண்ட்ரியில் ஆணி அடித்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த தமிழ் நாள்காட்டியை மாட்டிக்கொண்டிருந்தேன். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. மற்ற எழுத்தையெல்லாம் கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன். நாள்காட்டியை மட்டும் தடங்கலில்லாமல் படிப்பேன்.

"என்ன ஆன்ட்டி அது?" என்றார் தவுக்கே.

"நாளு, நேரம் பாக்குறது. அந்த பிளான எப்ப அனுப்புனீங்க?"

"செவ்வாக்கிழமை. மூணரை மணி இருக்கும்."

"அது ராகு காலம்ல. யாராச்சும் அந்த நேரத்துல அனுப்புவாங்களா?"

அவருடைய மேசைக்குப் பின்னால் சீனக் காலண்டர் ஒன்று சிவப்பாகத் தொங்கும். நல்ல நாளா இல்லையா என்று தினமும் அதில் பார்ப்பார். அன்றிலிருந்து இரண்டு காலண்டரும் ஒத்துக்கொண்டால்தான் பிளான் வெளியே போகும் என்று ஆயிற்று. "டபுள் இன்சூரன்ஸ் லா," என்பார். பிறகு எல்லாம் ஆன்லைன் ஆனது. பட்டனை அமுக்குவதற்கும் பேண்ட்ரியைப் பார்த்துக் குரல் கொடுப்பார்: "ஆன்ட்டி, இப்ப அமுக்கலாமா?" நான் அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் பார்த்துச் சொல்வேன். அந்த ஆபீசில் நான் இருந்தவரை என் வார்த்தை இல்லாமல் ஒரு பிளானும் படியிறங்கியதில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

நான் சொன்ன நேரத்தில் போன பிளான்களும் திரும்பி வராமல் இல்லை. அப்போது குற்றம் என் நேரத்தின் மேல் விழாது. மூத்த டிராஃப்ட்ஸ்மேன் ரஹ்மான் வரைந்த படிக்கட்டின் மேல் விழும்.

2. ஆளுக்கு ஒரு நல்ல பாடம்

தேவி எங்கள் ஆபீசில் டிராஃப்டிங் செய்த பெண். டிப்ளோமா முடித்துவிட்டு வந்தவள். வேலை பார்த்துக்கொண்டே சனி, ஞாயிறில் கட்டுமானம், கட்டட வரைகலை டிகிரி படித்தாள். மாசாயில் என் வீட்டுக்குப் பக்கத்து புளோக்கில் அவளும் அவள் அம்மா சரோஜாவும் குடியிருந்தார்கள். தினமும் அவளுடைய மோட்டார்சைக்கிளில் பின்னால் உட்கார்ந்துதான் நான் ஆபீசுக்கு வருவேன், வீட்டுக்குப் போவேன்.

கடைசி செமஸ்டரில் அவளுக்கு ஒரே ஒரு எலக்டிவ் பாக்கி. நாலைந்து பாடங்களில் ஒன்றை அவளே பொறுக்கிக்கொள்ளலாம். அவளுக்கு வேண்டியது பிம் என்ற பாடம். கோடு கோடாக வரையாமல் கம்ப்யூட்டருக்குள்ளேயே கட்டடத்தைத் தூண், சுவர், குழாய் என்று எழுப்பிக் காட்டுவது. சிங்கப்பூர் கம்பெனி ஒன்றில் நேர்முகத்துக்குப் போனபோது, "டிகிரிய முடி, பிம் படிச்சிட்டு வா, எடம் இருக்கு," என்று சொல்லியிருந்தார்கள். அந்த வகுப்பு வருடத்துக்கு ஒரு தடவைதான் நடக்கும். இடமும் கொஞ்சம். தவறினால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். சிங்கப்பூர்க்காரன் ஒரு வருடம் காத்திருப்பானா?

சரோஜா பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் நின்றே வேலை செய்கிறவள். முட்டி இரண்டும் வீங்கியிருக்கும். அந்த வேலை கிடைத்த அன்றே அம்மாவை வீட்டில் உட்கார வைத்துவிட வேண்டும் என்பது தேவியின் கணக்கு. மோட்டார்சைக்கிளில் போகும்போது காற்றுச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

விஷயம் ஆபீசில் பரவியதும் எல்லாரும் புத்தி சொல்ல ஆரம்பித்தார்கள்.

ரஹ்மான், "எஸ்டிமேட் எடு லா, தேவி. அதுதான் சோறு போடும்," என்றார். அவர் போடும் சிமெண்டு, கம்பிக் கணக்கைச் சரிபார்க்க அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது.

தவுக்கேவுக்குப் பழைய கட்டடங்களின் மேல் திடீரென்று பாசம் பிறந்தது. "பழைய கட்டடத்த அளந்து வரையிற பாடம் இருக்குதாமே, அத எடு. நம்ம பாட்டன் கட்டுனது எல்லாம் இடிஞ்சு போவுது, தேவி. யாரு காப்பாத்துவா?" என்றார். சொல்லும்போது கண் கலங்கினாற்போல் இருந்தது. அதற்கு முந்திய மாதம்தான், இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் கட்டிய கடைவீடு ஒன்றை இடித்துவிட்டுக் கார் பார்க் போட அவர் பிளான் அனுப்பியிருந்தார். நேரம் பார்த்துக் கொடுத்தவளே நான்தான்.

தேவி, "சரி தவுக்கே, யோசிக்கிறேன்," என்று சொல்லிவிட்டுப் பேண்ட்ரிக்கு வந்தாள்.

"பாத்தீங்களா ஆன்ட்டி? பிம் படிச்சா நான் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் போயிடுவேன்னு அவருக்குத் தெரியும்."

"தெரியாமலா கண்ணு கலங்குது?" என்றேன்.

எனக்கும் ஒரு காரணம் இருக்கத்தான் செய்தது. அவள் பாலம் தாண்டினால் நான் இரண்டு பஸ் மாறித் தம்போய்க்கு வர வேண்டும். நான் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பஸ்ஸைப் பற்றி ஒரு பாடம் இருந்திருந்தால் நானும் சிபாரிசு செய்திருப்பேனோ என்னவோ.

3. திங்கட்கிழமை

எலக்டிவ் பதிவு ஆன்லைனில் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் திறக்கும் என்று காலேஜில் சொல்லிவிட்டார்கள். முந்துகிறவர்களுக்கு இடம். முந்திய வருடம் அரை மணி நேரத்தில் பிம் நிரம்பிவிட்டதாம்.

அன்று நாங்கள் இருவரும் சீக்கிரமே வந்துவிட்டோம். எங்களுக்கு முன்னால் தவுக்கே உட்கார்ந்திருந்தார். பத்து மணிக்கு முன்னால் அவரை நான் ஆபீசில் பார்த்ததே கிடையாது. மேசையில் எல்லாருக்கும் தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக் பொட்டலம் வேறு.

"சாப்பிடு தேவி. இன்னைக்கு முக்கியமான நாளு," என்றார்.

தேவி கம்ப்யூட்டரைத் திறந்து காலேஜ் பக்கத்தைப் போட்டாள். எட்டு அடிக்கக் கொஞ்ச நேரம் இருந்தது. அவளுடைய போன் அடித்தது. சரோஜா. தொழிற்சாலையில் டீ குடிக்க விட்ட நேரத்தில் பேசினாள். தேவி ஸ்பீக்கரில் போட்டாள்.

"தேவி, இப்பத் தொடாத! திங்கக்கெழம ஏழரையிலேருந்து ஒம்போது வரைக்கும் ராகு காலம். ஒம்போது அடிச்சதும் பண்ணு."

"அம்மா, ஒம்போதுக்கு ஒன்னும் இருக்காதும்மா."

"உனக்குன்னு எழுதியிருந்தா இருக்கும். ராகு காலத்துல ஆரம்பிச்சு ஒன்னு கெடக்க ஒன்னு ஆயிட்டா? நான் சாமி படத்து முன்னாடி நின்னு வேண்டிக்கிட்டு வந்திருக்கேன்."

தேவி என்னைப் பார்த்தாள். அவளுக்கு இந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஆனால் அம்மா ஒன்று சொல்லி அதை மீறிவிட்டால் சரோஜா வீட்டில் சண்டை போட மாட்டாள். பேசாமல், சாப்பிடாமல் வேலைக்குப் போவாள். அந்த முட்டியோடு, வெறும் வயிற்றோடு. அதை நினைத்துத்தான் பெண்ணின் கை மௌசை விட்டு இறங்கியது.

தவுக்கே நாசி லெமாக்கை மென்றுகொண்டே தலையை ஆட்டினார். "அம்மா சொன்னா கேக்கணும் லா. ராகு காலத்தோட வெளாடக் கூடாது. நான் எவ்வளவு பட்டிருக்கேன்!" பிறகு மிகுந்த மரியாதையோடு என் பக்கம் திரும்பினார். "நம்ம என்ன சண்ட போடறது? ஆன்ட்டி இருக்காங்க. ஆன்ட்டி சொல்லட்டும். பேண்ட்ரி காலண்டர் என்ன சொல்லுதோ அதான்."

போனுக்குள்ளிருந்து சரோஜாவும், "ஆமா, அக்காவே பாத்துச் சொல்லட்டும். அவங்க சொன்னா எனக்குச் சரி," என்றாள்.

நான் பேண்ட்ரிக்குப் போனேன். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. திங்கள், ஏழரை முதல் ஒன்பது. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனாலும் காலண்டர் முன்னால் நின்றேன். ஒன்பது என்று சொன்னால் தவுக்கேவுக்குத் திருப்தி. சரோஜாவுக்குத் திருப்தி. என் பஸ் கவலையும் தீர்ந்தது. எல்லாருக்கும் நல்ல நேரம், தேவி ஒருத்தியைத் தவிர.

அப்போதுதான் குருக்களின் ஞாபகம் வந்தது. அது சந்தோஷமான ஞாபகம் இல்லை. எங்கள் கோயில் குருக்கள் ஒரு தடவை எல்லார் முன்னாலும் சொன்னார்: "ராகு காலம் சூரியன் உதிக்கிறத வெச்சு எண்ணுறது. காலண்டர் அச்சடிக்கிற ஊர்ல ஆறு மணிக்கு உதிக்குது. இங்க ஜொகூர்ல ஏழு மணிக்குத்தான் உதிக்குது. ரெண்டுக்கும் எப்படி ஒரே நேரம் ஆகும்? இங்க ஒரு மணி நேரம் தள்ளித்தான் எண்ணணும்." நான் விடவில்லை. "அச்சடிச்சவனுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிருச்சா சாமி?" என்று கேட்டுவிட்டேன். பெண்கள் சிரித்துவிட்டார்கள். அதிலிருந்து அவர் எனக்கு விபூதியைக் கையில் வைக்க மாட்டார். மேலேயிருந்து தூவுவார்.

வெளியே வந்தேன்.

"இப்ப ராகு காலம் இல்ல. எட்டரைக்குத்தான் பொறக்குது. பத்து வரைக்கும் இருக்கும். செய்யிறதுன்னா எட்டு மணிக்கே செஞ்சிரு, தேவி. ஒம்போதுதான் ஆகாது."

தவுக்கே மென்றதை விழுங்க மறந்தார். "ஆன்ட்டி! ஏழரைன்னு போட்டிருக்கு. எனக்கு நம்பர் படிக்கத் தெரியும் லா!"

"அது ஊரு சூரியனுக்கு, தவுக்கே. நம்ம ஊருல சூரியன் எத்தன மணிக்கு வருது?"

"...ஏழு."

"அப்ப ஒரு மணி நேரம் தள்ளி எண்ணுங்க."

"யாருக்கா சொன்னா இத?" என்று போனிலிருந்து சரோஜா கேட்டாள்.

அதையும் என் வாயாலேயே சொல்ல வேண்டியதாயிற்று. "குருக்கள் சொன்னாரு," என்றேன்.

"நீங்கதானே அவரோட சண்ட போட்டீங்க?"

"சண்ட வேற, சூரியன் வேற. நீ போனை வெய்யி."

சரோஜா வைக்கவில்லை. "குருக்களே சொல்லிட்டாருன்னா சரி. பண்ணு தேவி, பண்ணு," என்று சொல்லிவிட்டு ஏதோ மந்திரத்தை முணுமுணுக்க ஆரம்பித்தாள். எட்டு மணி ஆனது. தேவி அமுக்கினாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. ரஹ்மான் வந்து பின்னால் நின்றார். தவுக்கேவும் நின்றார், அவருடைய உதடும் அசைந்தது. அவர் யாருக்காக வேண்டிக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது.

பச்சையாக ஒரு வரி வந்தது. தேவி நாற்காலியோடு திரும்பி என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

நான் பொய் சொன்னேன் என்று நினைத்துவிட வேண்டாம். கணக்கு இரண்டு இருந்தது. எனக்கும் பொறுக்கிக்கொள்ள உரிமை உண்டு. ஒன்றை எடுத்தேன்.

4. இன்னொரு தடவை நேரம் பார்த்தது

அன்று மத்தியானமே தவுக்கே பேண்ட்ரிக்கு வந்துவிட்டார். முகத்தில் பெரிய கவலை.

"ஆன்ட்டி, அப்ப இத்தன வருஷமா என் பிளான் எல்லாம் தப்பு நேரத்துலயா போச்சு?"

"பிளான் பாஸாச்சா இல்லியா?"

"பாதி ஆச்சு."

"நேரம் சரியா இருந்திருந்தாலும் பாதிதானே தவுக்கே ஆயிருக்கும்?"

டீயை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் மறுநாளிலிருந்து இரண்டு கணக்கும் பார்க்கச் சொன்னார். சீனக் காலண்டரோடு சேர்த்து இன்சூரன்ஸ் மூன்றானது. பிளான் அனுப்ப ஒரு நாளில் கிடைத்த நேரம் சுருங்கிப்போனது. ரஹ்மானுக்கு அதில் சந்தோஷம். படிக்கட்டைத் திருத்த அவகாசம் கிடைத்தது. நானும் கோயிலுக்குப் போய்க் குருக்களிடம் விஷயத்தைச் சொன்னேன்.  அவர் விபூதியைக் கையில் வைத்தார், வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே.

தேவி பிம் பாஸ் செய்தாள், டிகிரி வாங்கினாள், சிங்கப்பூர் வேலையும் கிடைத்தது. சரோஜா வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தாள். கொஞ்ச நாள்தான். உட்கார்ந்தால் முட்டி இன்னும் வலிக்கிறது என்று சொல்லி, அதே தொழிற்சாலை கேண்டீனில் அரை நாள் வேலைக்குப் போய்விட்டாள். நான் பஸ் மாறினேன். ஓய்வு பெறும்வரை மாறிக்கொண்டேதான் இருந்தேன்.

புதிதாகப் படிக்கப் போகும் பிள்ளைகள் என்னிடம் நேரம் கேட்டு வருவார்கள். எந்தப் பாடம் நல்லது என்றும் சேர்த்துக் கேட்பார்கள். பாடத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரு பாடம் நல்லது என்று யாராவது சொன்னால், யாருக்கு நல்லது என்று திருப்பிக் கேள் என்று மட்டும் சொல்வேன். இதை நான் கற்றுக்கொண்டது தேவி ராஜினாமாக் கடிதம் கொடுத்த அன்றைக்குத்தான்.

கடிதம் கொடுக்க எது நல்ல நேரம் என்று அவள் என்னிடம் கேட்டாள். மூன்று கணக்கும் பார்த்து, எதிலும் குறை இல்லாத நேரமாகத்தான் பொறுக்கிக் கொடுத்தேன். கதவைத் தட்டி உள்ளே போனாள். தவுக்கே கடிதத்தைப் படித்தார். பிறகு நேராகப் பேண்ட்ரிக்கு வந்து கேட்டார்.

"ஆன்ட்டி, இந்த நேரத்த நீங்கதான் பாத்துக் குடுத்தீங்களா?"

"ஆமா தவுக்கே. ரொம்ப நல்ல நேரம்."

"யாருக்கு நல்ல நேரம்?"

காலண்டரைத் திரும்பிப் பார்த்தேன்.

"அதுல பேரு போடல, தவுக்கே."